மரத்த காலும் வளர்ப்பு நாயும்

1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களில் இரவில் உண்டான காயங்களுக்கு எலிகளே காரணம் எனக் கண்டறிந்தார். உணர்விழந்த விரலை எலி கடிப்பது உறங்குபவருக்குத் தெரியவில்லை. வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பும் வழக்கம் அதன்பின் ஏற்பட்டது.

இன்று நீரிழிவால் கால் மரத்தவர்கள் பலர். உறக்கத்தில் அத்தகையோரின் கால்விரலை, குறிப்பாகப் புண்ணுள்ள விரலை, வளர்ப்பு நாயே நக்கிக் கடித்துச் சிதைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நாயின் மீது குற்றமில்லை; அதற்கு நாம் கற்பிக்கவில்லை.

குட்டி விளையாட்டாகக் காலைக் கவ்வினால் உடனே விளையாட்டை நிறுத்தி அசையாமல் நில்லுங்கள். விட்டதும் பாராட்டி, கடிப்பதற்கென உள்ள ரப்பர் பொம்மையைக் கொடுங்கள். அடிக்க வேண்டா. வீட்டார் அனைவருக்கும் ஒரே விதி. பேரன் சிரித்துக்கொண்டே காலை நீட்டினால் கற்றதெல்லாம் வீண். வளர்ந்த நாயும் கற்கும், நாள் கூடுதலாகும்.

பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். பழையது, புதியது என்ற வேறுபாடு நாய்க்குத் தெரியாது. கால் வாசனை உள்ளதெல்லாம் கடிக்கத் தக்கது என்றே அது கொள்ளும். ஆம்பூர்ப் பக்கம் எளிதில் கிடைக்கும் தோல் துண்டுகளும் கூடா. அவற்றுள் பல குரோமியம் உப்பால் பதனிடப்பட்டவை.

இரவில் நாய்க்குத் தனி இடம் பழக்கி, உங்கள் அறைக் கதவைச் சாத்துங்கள். விடிந்ததும் பாதங்களைப் பாருங்கள். பல் தடமோ நக்கிய புண்ணோ தெரிந்தால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட நாயாயினும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.