பெருவிரல் நோவும் கையிலிருந்த மாத்திரையும்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோர் நம் சங்கக் குடும்பங்களிலும் இருக்கின்றனர். அத்தகைய அன்பர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றோம். சிகிச்சை முடிந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. ஒன்பது கிலோ எடை குறைந்திருந்தது. அதற்காக மகிழ்ந்திருக்க வேண்டியவர், வலக் காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, போர்வையின் நுனி பட்டாலும் துடித்தார். பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிக் கனன்றது. பல்லாண்டுகளாக அவ்வப்போது அவரை வருத்திவந்த ‘கௌட்’ என்னும் மூட்டுநோய் நள்ளிரவில் மீண்டும் வந்துவிட்டது.

அவர் கையில் ஒரு மாத்திரை இருந்தது. அண்டை வீட்டார் அன்போடு கொடுத்தது. முன்பெல்லாம் அவர் தயங்காது விழுங்கிய அதே வலிநிவாரணி. “டாக்டரைக் கேட்காமல் எதையும் சாப்பிடாதீர்கள்” என்று துணைவியார் தடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரின் தடை எத்துணை மதிப்புடையது என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

எடை குறைந்தால் நோயும் குறைய வேண்டுமன்றோ என்று அன்பர்கள் கேட்கலாம். நாளடைவில் அவ்வாறே குறையவும் செய்கிறது. ஆயினும் முதற் சில வாரங்களிலும் மாதங்களிலும் நிலைமை வேறு. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசிபோன்ற நுண்படிகங்களாக மூட்டுகளில் படிவதே இந்நோயின் மூலம். உடல் விரைந்து மெலியும்போது திசுக்கள் சிதைந்து அவ்வமிலம் பெருகுகிறது. உணவு மிகக் குறைவதால் உடலில் தோன்றும் கீட்டோன் பொருள்கள், சிறுநீரகம் அதனை வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. சுருங்கிய இரைப்பையில் போதிய நீரும் செல்வதில்லை. இம்மூன்றும் கூடிப் பழைய நோயைத் தட்டி எழுப்பிவிடுகின்றன.

இனி, அந்த மாத்திரையால் விளையும் தீங்கைக் காண்போம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நாப்ராக்சன், இண்டோமெத்தசின் முதலியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீக்கத்தைத் தணிக்கும் இவை, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் இயற்கைப் பொருள்களையும் குறைத்துவிடுகின்றன. ‘பைபாஸ்’ முறையில் சிறு இரைப்பையோடு குடலைக் கொண்டுவந்து இணைக்கின்றனர். அமிலத்தைத் தாங்கிப் பழகாத அக்குடலின் இணைப்பு விளிம்பில் இம்மருந்துகளால் புண் உண்டாகலாம். அது குருதி கசியவும், துளைபடவும் கூடும். ஊசியாகப் போட்டுக்கொண்டால் தீங்கில்லை என்று எண்ணுவதும் பிழை. இரத்தத்தின் வழியே சென்றும் அவை அதே வேலையைச் செய்கின்றன. இரைப்பையைக் குழல்போல் ஆக்கும் ‘ஸ்லீவ்’ முறையில் இவ்வபாயம் குறைவெனினும், அங்கும் மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது. வேறு பெயருள்ள கூட்டு மாத்திரைகளிலும் இவை கலந்திருப்பதுண்டு. ஆதலின் அட்டையில் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் வலியால் துடிப்பவர் செய்யத்தக்கது யாது? முதலில் காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொள்க. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒருமுறைக்கு 15 அல்லது 20 நிமிடம் ஒற்றடம் இடுக. சுடுநீர் ஒற்றடமும் தைலத் தேய்ப்பும் வேண்டா. மருத்துவர் வரையறுத்த அளவில் பாரசிட்டமால் கொள்ளலாம். அது வலியைச் சற்றுத் தணிக்குமேயன்றி வீக்கத்தை அடக்காது. தாமதியாது அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும்.

மருத்துவர் பெரும்பாலும் கருதும் மருந்துகளுள் ஒன்று கோல்ச்சிசின். நம் தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் இம்மருந்துப் பொருள் உண்டு. அதற்காகவே அங்கு அதனைப் பயிரிடுகின்றனர். ஆனால் அச்செடியின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. வீட்டு வைத்தியமாக ஒருபோதும் தொடலாகாது. மாத்திரையிலும் அளவே உயிர். ஒரு மணி நேரத்தில் கொடுக்கும் 1.8 மில்லிகிராம், ஆறு மணி நேரத்தில் கொடுக்கும் 4.8 மில்லிகிராமுக்கு ஈடாகப் பயன் தருகிறது என்றும், துன்பம் குறைவு என்றும் 2010-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு உண்டாகி, ஏற்கெனவே நீர் குறைந்த உடல் மேலும் வறளும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கும், சில வேறு மருந்துகள் உண்போருக்கும் அளவு மாறும். ஒரே மூட்டில் நோவிருப்பின் அதனுள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை நோயாளர் தம் இரத்தச் சர்க்கரையைக் கவனித்துவர வேண்டும்.

முன்பே அலோப்யூரினால் உண்டுவந்தவர்கள், வலி வந்ததென்று அதனைத் தாமாக நிறுத்தலாகாது. யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழ் நிறுத்துவதே நெடுநாளைய இலக்கு. இரத்த அழுத்தத்துக்காகச் சிலர் உண்ணும் நீர்பிரி மாத்திரைகள் அவ்வமிலத்தைக் கூட்டுவன. எடை குறையக் குறைய அவை தேவைதானா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிக.

நீரை நாள் முழுதும் சிறு மிடறுகளாக, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை அருந்த முயல்க. புரதத்தைக் குறைத்துவிட வேண்டா. பால், தயிர், முட்டை, பருப்பு ஆகியவை ஏற்றவை. ஈரல், மத்தி, நெத்திலி, மது, இனிப்புப் பானங்கள் ஆகியவற்றை விலக்குக.

காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்து மூட்டு கனன்றால், அது கௌட் ஆகாமல் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். மலம் தார்போல் கறுத்தல், கடும் வயிற்றுவலி, இரத்த வாந்தி, நீர்கூடத் தங்காமை ஆகிய அறிகுறிகளுள் ஒன்று கண்டாலும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்க.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. இரவில் மருந்துக் கடைக்கு ஓடும் பிள்ளை, பாதி தெரிந்த மொழியில் “வலிக்கு மாத்திரை” என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் எதைக் கொடுப்பார்? செய்துகொண்ட அறுவையின் பெயர், விலக்க வேண்டிய மருந்துகள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் அவ்வூர் மொழியிலும் ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பது நன்று.

நம் அன்பர் அந்த மாத்திரையை விழுங்கவில்லை. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, உரிய அளவில் கோல்ச்சிசின் கொடுத்தார். நான்காம் நாள் அவரே வாயில்வரை வந்து நம்மை வழியனுப்பினார். அண்டை வீட்டாரின் மாத்திரையைத் துணைவியார் நன்றி கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.