சுவரைத் திறந்தால் வீடு தெரியும்!

குழந்தைகளே! ஒரு வீட்டின் முன் சுவரை அலமாரிக் கதவைத் திறப்பதுபோலத் திறக்க முடிந்தால் எப்படி இருக்கும்? கீழே சமையலறை, நடுவில் கூடம், மாடியில் கட்டில், பரணில் பழைய பெட்டி என்று எல்லாமே ஒரே பார்வையில் தெரிந்துவிடும் அல்லவா? அப்படித் திறக்கும் வீடுதான் மரப் பொம்மை வீடு. ஐரோப்பாவில் 450 ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருகிறார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். மிகவும் புகழ் பெற்ற பொம்மை வீடுகளில் குழந்தைகள் விளையாடியதே இல்லை!

ஜெர்மனியில் உள்ள பவேரியாவை ஆண்டவர் ஐந்தாம் ஆல்பிரெக்ட். இவர் 1558-ல் நான்கு மாடி பொம்மை வீடு ஒன்றைச் செய்ய வைத்தார். மகளுக்காகச் செய்யச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடமோ அவருடைய அரும்பொருள் கூடம்! பாவம் அந்த மகள். 1674-ல் அரண்மனையில் பிடித்த தீயில் அந்த வீடு அழிந்துவிட்டது என்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற வணிகர் மனைவி, 1686 முதல் பல ஆண்டுகள் செலவழித்து ஒரு பொம்மை வீட்டை நிரப்பினார். குட்டிப் பீங்கான் பாத்திரங்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்தாராம்! ஆன செலவில் அந்த நகரத்தில் ஒரு நிஜ வீட்டையே வாங்கியிருக்கலாம். இன்றும் அங்குள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

மூன்றாவது வீட்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டில்லியில் நம் குடியரசுத் தலைவர் வசிக்கும் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான், இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை வீட்டையும் கட்டினார். அதில் மின்விளக்கு எரியும். குழாயில் தண்ணீர் வரும். லிப்ட் மேலும் கீழும் போகும். நூலகத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய கோனன் டாயில், அந்த நூலகத்துக்கென்றே ஒரு குட்டிக் கதையைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். இந்த வீடு இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. கண்ணால் மட்டும்தான் பார்க்கலாம், கை வைக்க முடியாது!

சரி, குழந்தைகள் கை வைத்து விளையாடிய வீடுகள் எங்கே?

அதற்கு ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள சைஃபன் என்ற மலைக் கிராமத்துக்குப் போக வேண்டும். அங்கே வெள்ளீயச் சுரங்க வேலை குறையக் குறைய, மக்கள் கடைசல் வேலைக்கு மாறினார்கள். பெரிய மரத்துண்டு ஒன்றைச் சுழல விட்டு, வளையமாகக் கடைவார்கள். பார்த்தால் வெறும் வளையம்தான். அதைக் கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரை! அல்லது ஒரு பசு! பிளக்கும் வரை உள்ளே என்ன வடிவம் இருக்கிறது என்று கடைபவருக்கே கண்ணுக்குத் தெரியாது. கைப்பழக்கம்தான். இதைவிட அருமையான கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது.

பொம்மை வீட்டு மேசை, நாற்காலி எல்லாம் அந்தப் பகுதியிலிருந்து பெட்டி பெட்டியாக வெளிநாடுகளுக்குப் போயின. விலை குறைவு. ஏன் குறைவு தெரியுமா? குடும்பம் முழுவதும் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்தது. ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்! ஊர் ஊராக எத்தனையோ குழந்தைகள் விளையாடிய பொம்மைகளை, விளையாட நேரமில்லாத குழந்தைகள் செய்திருக்கிறார்கள்.

இன்றைக்குப் பேசும் பொம்மை, பாடும் பொம்மை என்று எத்தனையோ வந்துவிட்டன. இருந்தாலும் மர வீட்டின் மேல் உள்ள ஆசை போகவில்லை. அது தானாக எதுவும் செய்யாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாட்டிக்குக் காய்ச்சலா, மாடியில் திருடன் வந்தானா, எல்லாவற்றையும் நீங்களேதான் சொல்ல வேண்டும். நாற்காலிக் கால் உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம். சாயம் போனால் மறுபடி பூசலாம். அக்கா விளையாடியது தங்கைக்கு வரும், பிறகு அவள் பிள்ளைக்கும் வரும். தம்பிகளே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீடு கட்டுவது பெண் பிள்ளைகளின் விளையாட்டு மட்டும்தான் என்றால், லட்யன்ஸ் என்ன செய்வார்?

நம் ஊரில் மரச் சொப்பும் மரப்பாச்சியும் உண்டு. வீடு மட்டும் மணலில்! அந்த மணல் வீட்டுக்குச் 'சிற்றில்' என்று பெயர். பிள்ளைத்தமிழ் நூல்களில் இதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. தாங்கள் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவார்கள். மர வீடாக இருந்தால் கெஞ்ச வேண்டியிருக்காது!

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். தச்சுப் பட்டறையில் கேட்டால் ஒட்டுப்பலகைத் துண்டுகள் கிடைக்கும். அறுப்பதை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். அளவு சுலபம். அரசி மேரியின் வீட்டில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பதுதான் கணக்கு. உங்கள் வீட்டுக் கதவு 7 அடி என்றால் பொம்மை வீட்டில் 7 அங்குலம். அம்மா 5 அடி என்றால் அம்மா பொம்மை 5 அங்குலம். 4 அங்குல உயரமுள்ள காபி டம்ளர்? 12-ஆல் வகுத்தால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். அதை எதில் செய்வது? பழைய பேனா மூடியின் நுனி சரியாக இருக்குமா என்று அளந்து பாருங்கள்.