பலகை ஒட்டிச் செய்த நுகத்தடி
நியூ இங்கிலாந்து, அமெரிக்கா. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.
பிர்ச் பலகை, ஹிக்கரி மர வளையங்கள், இரும்பு.

ஓர் இணை எருதுகளுக்கானது. முன்பு நுகத்தடியை ஒரே கட்டையில் செதுக்கினார்கள். அத்தனை பருமனான கட்டை உலர ஆண்டுகள் ஆகும். உலரும்போது வெடிக்கவும் செய்யும். காய்ந்த பலகைகளை அடுக்கிப் பசையிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கியபின் வடிவம் வெட்டுவது வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற வழி. பக்கவாட்டில் ஒட்டுக்கோடுகள் தெரிகின்றன.

கழுத்தில் அமரும் குழிவு வழவழப்பாக இழைக்கப்பட்டுள்ளது. சிறு பிசிறும் தோலைப் புண்ணாக்கிவிடும். கழுத்தைச் சுற்றி வரும் வளையங்கள் ஆவியில் வாட்டி வளைத்த ஹிக்கரிக் கம்புகள். இந்த எருதுகளுக்குத் திமில் இல்லை. அதனால் வளையத்தின் வழியே தோள்களும் பளுவை வாங்குகின்றன. சிறு கன்றுக்கு 4 அங்குல அகல வளையம் போதும். வளர்ந்த எருதுக்கு 10 அங்குலத்துக்கு மேலும் தேவைப்படும். அதனால் மாடு வளர வளர நுகத்தடியையும் மாற்ற வேண்டும்.