ஒவ்வாமைச் சோதனைக்கு முன்

இங்கிலாந்து வைத்தியர் சார்ள்ஸ் பிளக்லி தம் தோலைக் கீறி, மகரந்தம் இட்டு, எழுந்த வீக்கத்தைத் தமது 1873 ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். இன்றைய ஒவ்வாமைச் சோதனையும் அவ்வழியதே. ஐயத்திற்குரிய பொருளின் துளியைக் கையிலிட்டு மெல்லக் குத்துவர். அப்பொருள் ஒவ்வாதாயின், தோலில் வெளிப்படும் ஹிஸ்டமின் ஏறத்தாழ 15 நிமிடத்தில் தடிப்பை எழுப்பும்.

தடிமனுக்கும் சொறிக்கும் உண்ணும் மருந்துகள் பல அந்த ஹிஸ்டமினின் செயலையே அடக்குவன. அவற்றை உண்டு செல்வோரின் தோலில், தீங்கு செய்யும் பொருளும் தீங்கற்றதெனத் தோன்றும். ஒப்பு நோக்குதற்கு இடும் ஹிஸ்டமின் துளியும் தடிக்காதாயின் சோதனையே வீணாம். ஆதலின், வைத்தியர் சொற்படி அவற்றைச் சுமார் ஒரு வாரம் முன்னரே நிறுத்துதல் வேண்டும். ஆயினும், தொய்வுக்கோ இரத்த அமுக்கத்திற்கோ உரிய மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் உயிர்க்குக் கேடாம். பட்டினி கிடத்தலும் வேண்டியதில்லை. உட்கொள்ளும் மருந்தனைத்தையும் வைத்தியரிடம் மறையாது கூறுதலே தலையாய ஆயத்தமாகும்.