நைட்ராக்ஸ்: காசு கொடுத்து வாங்கும் நிமிடங்கள்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் கிழக்குக் கரையோரம் மூழ்கடித்த கப்பல்களில் இரண்டைத் தேடி இன்றும் ஸ்கூபா ஆர்வலர்கள் வருகிறார்கள். ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அப்பால் சுமார் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலின் அடித்தளம் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே. முன்னதற்கு நைட்ராக்ஸ் சிலிண்டரோடு போவது புத்திசாலித்தனம். அதே சிலிண்டரோடு பின்னதன் அடிவரை இறங்கினால் உயிர் மிஞ்சுவது சந்தேகம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 32 அல்லது 36 சதவீதமாக உயர்த்தினால் அதுதான் நைட்ராக்ஸ். ‘ஆக்சிஜன் கூடுதல் என்றால் மூச்சு கூடுதல் நேரம் வரும், ஆழமாகவும் போகலாம்’ என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டுமே தவறு. இங்கே லாபம் கூடிய ஆக்சிஜனால் வருவதல்ல, குறைந்த நைட்ரஜனால் வருவது. ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அளவுக்கு மீறிக் கரைந்த பின் சட்டென்று மேலே வந்தால் அது குமிழிகளாக வெளியேறி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவந்து விடும். அதனால்தான் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு நேர வரம்பு. ‘பாடி’ பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 18 மீட்டரில் சாதாரணக் காற்றுக்கு 56 நிமிடம். 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 95.

கேட்க அள்ளித் தருவது போல்தான் இருக்கிறது. ஆனால் சிலிண்டர் அவ்வளவு நேரம் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,200 லிட்டர். கையிருப்பாக 50 பாரை ஒதுக்கினால் மிச்சம் 1,650. புதியவர் படபடப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் அது 56 லிட்டராகும். 29 நிமிடத்தில் கதை முடிந்தது. 56 நிமிட வரம்பையே அவர் எட்டப் போவதில்லை. 95 இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

அனுபவசாலியின் கணக்கு வேறு. நிதானமாக 14 லிட்டர் மட்டும் இழுப்பவர் 30 மீட்டரில் இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கும் அதே 29 நிமிடம் காற்று இருக்கிறது. ஆனால் சாதாரணக் காற்றுக்கு அங்கே வரம்பு 20 நிமிடம்தான். நைட்ராக்ஸில் சுமார் 30. கொடுத்த காசுக்குப் பலன் இங்கேதான். மாலத்தீவில் படகிலேயே தங்கி நாளுக்கு மூன்று நான்கு முறை இறங்குபவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். முந்தைய முக்குளிப்பின் நைட்ரஜன் முழுதாக வெளியேறாமல் உடம்பில் தங்கி, அடுத்ததன் நேரத்தைத் தின்றுவிடும். அங்கே பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை. நைட்ராக்ஸுக்கென்றே வகுத்தது போன்ற விதி!

‘நைட்ராக்ஸ் அடித்தால் களைப்பே தெரியாது’ என்று படகுகளில் சத்தியம் செய்வார்கள். 2003-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அழுத்த அறைக்குள் 18 மீட்டர் அழுத்தத்தில் இதைச் சோதித்தது. களைப்பிலோ கவனத்திலோ அளக்கத்தக்க வித்தியாசம் இல்லை. (ஆய்வாளர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹாரிஸ். 2018-இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களை மீட்ட அதே மயக்க மருந்து நிபுணர்.) மாறாகச் சொன்ன ஆய்வும் உண்டு. களைப்புக்காக மட்டும் காசு கொடுப்பது, என்னைக் கேட்டால், வீண்.

ஆபத்து ஆக்சிஜனில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் அது நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-லேயே எழுதி வைத்தார். சுவாசிக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய விதி. அதன்படி 32 சதவீதக் கலவைக்கு எல்லை சுமார் 33 மீட்டர், 36 சதவீதத்துக்கு 28. ஹெர்மிஸின் அடித்தளத்தில் 32 சதவீதக் கலவை 2 பாரைத் தொட்டுவிடும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம். கரையில் வலிப்பு வந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் வாயிலிருந்து குழாய் நழுவினால் மூழ்கிச் சாவதுதான்.

ஆகவேதான் நைட்ராக்ஸ் கடைகளில் அந்தச் சின்னச் சடங்கு. கையடக்க ஆக்சிஜன் மானியை முதலில் வெறும் காற்றில் காட்டி 20.9-க்குத் திருகுவார்கள். பிறகு சிலிண்டர் வால்வை லேசாகத் திறந்து அதன் வாயில் பிடிப்பார்கள். எண் தள்ளாடி 31.8-இல் நிற்கும். ஒட்டுத்தாளில் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, பெயர் எழுதி ஒட்டுவார்கள். டைவ் கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைப் பதிவு செய்வார்கள். முக்குளிக்கப் போகிறவரே இதைச் செய்ய வேண்டும், கடைக்காரர் அல்ல.

ஆண்டுக்கு இரண்டு முறை, 12 மீட்டருக்குள் மீன் பார்க்கப் போகிறவருக்கு நைட்ராக்ஸ் தேவையில்லை. அந்தக் காசில் இன்னொரு முறை பயிற்சியாளரோடு இறங்கி மூச்சை நிதானப்படுத்தப் பழகுங்கள். 18 முதல் 30 மீட்டர் வரை அடுத்தடுத்து இறங்கும் திட்டமிருந்தால், ஒரே நாளில் முடியும் நைட்ராக்ஸ் பயிற்சியைத் தாராளமாக எடுங்கள். எப்படியானாலும், நீங்களே அளந்து பார்க்காத சிலிண்டரோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.