கேக் மேல் ஒரு கடல்

பிள்ளை தீவு கேக் கேட்டுவிட்டால், முதலில் யோசிக்க வேண்டியது கடலைப் பற்றித்தான். மணலும் பாறையும் பிஸ்கட்டையும் மிட்டாயையும் உடைத்தாலே வந்துவிடும். சொதப்புவது தண்ணீர். நீல கிரீமைப் பூசி இதுதான் அலை என்றால் மூன்று வயசு நம்பும். எட்டு வயசு நம்பாது. தண்ணீர் என்றால் உள்ளே பார்வை போக வேண்டும். அதற்கு ஜெல்லிதான் வழி.

ஆஸ்திரேலியாவில் விமன்ஸ் வீக்லி பத்திரிகை 1980இல் வெளியிட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் புத்தகத்தில் ஜெல்லி நிரப்பிய நீச்சல் குளம் ஒன்று உண்டு. அங்கே பல வீடுகளில் இன்னும் அதைச் செய்கிறார்கள். ஆனால் வழக்கமான ஜெல்லி ஜெலட்டினில் ஆனது. நம் ஊர் மே மாத வெயிலில், 35 டிகிரிப் பக்கம் போனாலே இளகிவிடும். மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தில் கடல் மேஜையில் ஓடும். மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பதால் பல வீடுகளில் ஆகவும் ஆகாது.

ஆகவே கடல்பாசி. கடையில் சைனா கிராஸ் என்றோ அகர் அகர் என்றோ கேளுங்கள். நோன்பு நாட்களில் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சித் தட்டில் ஊற்றி வைப்பார்களே, அதேதான். ராமநாதபுரம் கரையில் பெண்கள் முங்கிப் பறித்து வருகிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதை எடுக்கிறார்கள். கேக்கில் வரும் கடலுக்குச் சரக்கும் கடலிலிருந்தே! இதன் குணம் விசேஷமானது: 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும், உறைந்தது மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். எந்த வெயிலும் இதை அசைக்காது.

அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் 4 கிராம் அகர் தூளைக் கலக்கி அடுப்பில் வையுங்கள். கொதி வந்தபின் இரண்டு நிமிஷமாவது கொதிக்கட்டும். அரைகுறையாகக் கரைந்தால் கடல் கலங்கித் தெரியும். சர்க்கரையைக் கடைசியில் போடுங்கள். நீலத்துக்குக் காய்ந்த சங்குப்பூ நாலைந்து போதும். வாசனைக்கென்று எலுமிச்சை பிழிந்துவிடாதீர்கள், ஊதாவாகிவிடும்.

ஆழம் காட்ட இரண்டு மூன்று நீலம் கலக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகப் படுகிறது. கேக்கைக் கரையிலிருந்து சரிவாகக் குடைந்துகொண்டே போங்கள். ஒரே நீலத்தை ஊற்றினாலும் கரையோரம் வெளிறியும், ஆழத்தில் அடர்ந்தும் தானாகவே தெரியும்.

குடைந்த பள்ளத்தில் அப்படியே ஊற்றினால் கேக் உறிஞ்சிவிடும். போதாததற்குக் கடல்பாசி உறைந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடும். உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை ஓட்டையில்லாமல் பூசி, ஃபிரிட்ஜில் கெட்டியாக்குங்கள். ஜெல்லியை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முதலில் இரண்டே கரண்டி. மீதி உறைந்துவிடாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிற்கட்டும். ஊற்றியது ஆடைபோலப் பிடித்து, தொட்டால் லேசாக ஆடும். அந்த நேரத்தில் மீதியை ஊற்ற வேண்டும். முழுக்க இறுகிவிட்டால் மேலடுக்கு ஒட்டாது, வெட்டும்போது தனியே வழுக்கிக்கொண்டு வரும். மீன் மிட்டாய் எதுவும் போடுவதாக இருந்தால் இந்த இரண்டு ஊற்றலுக்கும் நடுவில்.

மணலுக்கு மாரி பிஸ்கட்டைப் பொடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தொடும் இடத்தில் மட்டும் நாட்டுச் சர்க்கரை கலந்தால் நனைந்த மணல் நிறம் வந்துவிடும். அதன்மேல் கோணல்மாணலாக ஒரு கோடு விப்பிங் கிரீம், அலை நுரை. மணலை முந்தின நாளே தூவி வைக்காதீர்கள். கிரீமின் ஈரத்தைக் குடித்துச் சேறாகிவிடும். விருந்தாளி வர ஒரு மணி நேரம் இருக்கும்போது தூவினால் போதும். புல்லுக்கு 233ஆம் நம்பர் நாசில், அல்லது பச்சை நிறம் பிசறிய உலர்ந்த தேங்காய்த் துருவல். பச்சையில் துளி மஞ்சள் நிறம் சேருங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பாய் மாதிரி இருக்கும்.

பாறைக்குக் கடலை மிட்டாயை அடித்துக்கொள்ள எதுவுமில்லை. உடைத்தால் உடைத்தபடி மலைதான். ஆனால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது வருகிறார்களா என்று அவரவர் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் இருந்தாலும் பாறைக்குச் சாக்லேட்டுக்குப் போய்விடுங்கள், அதன் உறையிலும் வேர்க்கடலை கலந்திருக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.