வயதான கால்களுக்கு மோட்டார் துணை

முதுமையில் நடை தளர்ந்தால் பலரும் முழங்காலைத்தான் குறை சொல்வோம். நடையை ஆராய்கிறவர்களோ கணுக்காலையும் கவனிக்கிறார்கள். பின்னால் இருக்கும் காலை எடுக்கும் முன், கெண்டைக்கால் தசை குதிகால் நாணைச் சுண்டி இழுக்க, முன்பாதம் தரையை உந்துகிறது. நடப்பதற்கான விசையில் பெரும்பங்கு இந்த உந்தலிலிருந்து வருகிறது. வயது ஏறஏற அது வலுவிழக்கிறது. குறையை இடுப்புத் தசைகள் ஈடுகட்டப் பார்க்கின்றன. எட்டு குறுகுகிறது, கால் சீக்கிரமே களைத்துவிடுகிறது.

அதனால், உடம்பில் அணிந்துகொள்ளும் நடைக்கருவிகளில் பல, இடுப்பையோ கணுக்காலையோதான் குறிவைக்கின்றன.

ஜப்பானின் ஹோண்டா இடுப்பைத் தேர்ந்தெடுத்தது. 1999-ல் ஆராய்ச்சியைத் தொடங்கி, 2015-ல் தன் கருவியை அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தது. ஏறத்தாழ 2.7 கிலோ எடை. இடுப்பில் ஒரு பெல்ட், அதன் இரு பக்கமும் மோட்டார், அங்கிருந்து இறங்கும் சட்டத்தைத் தொடையோடு சேர்த்துக் கட்டும் பட்டை, அவ்வளவுதான் உருவம். இடுப்பு மூட்டு மடங்கும் கோணத்தைச் சென்சார் அளக்கும். அதை வைத்துச் சிறு கணினி மோட்டாரை இயக்க, தொடை முன்னே எழும்போதும் பின்னே போகும்போதும் கொஞ்சம் உதவி கிடைக்கும்.

கணுக்காலுக்கே உதவினால் என்ன? அங்கே எடைதான் எதிரி. பாதத்தில் கட்டிய சுமையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீச வேண்டும். அதே சுமை இடுப்பில் இருந்தால் அவ்வளவு வாட்டாது. அதனால்தான் ஹார்வர்டில் கானர் வால்ஷ் குழுவினர் விறைப்பான சட்டத்தைக் கைவிட்டுத் துணியால் உடை தைத்தார்கள். மோட்டாரை மேலே வைத்து, கேபிளால் குதிகாலை இழுத்தார்கள்.

என் கணிப்பில், விசையைவிடச் சிக்கலானது நேரம்தான். உந்தல் சற்று முந்தினாலும் பிந்தினாலும் கருவி காலோடு மல்லுக்கட்டும். ஆளுக்கு ஆள் நடை வேறு என்பதால், பொதுவான ஓர் அளவு எல்லாருக்கும் ஒத்துவராது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் காலின்ஸ் குழு, அணிந்தவரின் அசைவிலிருந்தே அவருக்குரிய உந்தலைக் கற்றுக்கொள்ளும் காலணியை உருவாக்கியது. அதை அணிந்தவர்கள் சாதாரணக் காலணியில் நடப்பதைவிட 9 சதவீதம் வேகமாக நடந்தார்கள். அதே தூரத்துக்கு 17 சதவீதம் குறைவான ஆற்றலே செலவானது. 2022-ல் வெளிவந்த முடிவு இது. ஆனால் நடந்து பார்த்தவர்கள் இளைஞர்கள். தாத்தா பாட்டிக்கும் இதே பலன் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இவை காலுக்கு உதவுபவை; தடுமாறி விழுகிறவரைத் தாங்கிப் பிடிப்பவை அல்ல. பெற்றோருக்கு வாங்க நினைப்பவர்கள், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, கருவியை அணிந்து நடந்து பார்க்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். தாங்களாகவே மாட்டவும் கழற்றவும் முடிகிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்.